கிழக்குப் பக்கத்துச் சுண்ணாம்பு

என் கொழுந்தன் ஞானராஜ் போய்விட்ட செய்தி எனக்குச் சுவருக்கு மேலாகத்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, பின்பக்கத் தோட்டத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் மனைவி கிரேஸ், "எக்கா, இவுக எந்திக்க மாட்டேங்காவ. செத்த வந்து பாருங்களேன்" என்றாள். கீரையைப் போட்டுவிட்டு எழுந்தேன். எழுந்து எங்கே போவது? நடுவில் அவர் கட்டிய சுவர் நிற்கிறது. என் வீட்டு வாசல் ஒரு தெருவில், அவர் வீட்டு வாசல் பின்தெருவில். சுவரில் ஒரு சின்ன வாசலாவது விடு என்று கட்டும்போதே சொன்னேன், கேட்கவில்லை. முட்டி வலியோடு தெருமுனை வரை நடந்து, திரும்பி, அடுத்த தெருவில் பாதி தூரம் வந்து, நான் உள்ளே நுழைந்தபோது அவர் கை குளிர்ந்துபோயிருந்தது. போகிற அன்றைக்கும் என்னைச் சுற்றத்தான் வைத்தார்.

சபையின் மாதப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று போதகர் கேட்டார். "நல்லதா எழுதுங்கம்மா" என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

சர்வே ஆபீசில் முப்பது வருடத்துக்கு மேல் நிலம் அளக்கிற சங்கிலி பிடித்த மனிதர் அவர். பூமியில் எதைப் பார்த்தாலும் அது நேராக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். வருடா வருடம் நம் சபை அசன விருந்தில் பந்திப் பாய் விரிக்கிற வேலை அவருடையது என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். பாயை விரித்து, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நூல் கட்டி, இலையின் நுனி நூலைத் தொடுகிற மாதிரி போட்டுக்கொண்டு வருவார். ஒரு வருடம் ஜனம் பசியோடு நிற்கிறது, சோற்றிலிருந்து ஆவி அடங்குகிறது. மூப்பர் ஒருவர் பொறுக்கமாட்டாமல், "என்ன வே, சாப்பாடா போடுதீரு, ரோடா போடுதீரு?" என்றார். இவர் நிமிரவே இல்லை. "கோணலா உக்காந்து திங்கவா ஆண்டவர் நம்மள அழைச்சிருக்காரு? நில்லும் வே" என்றார். ஐந்நூறு பேர் நின்றார்கள். நானும் நின்றேன். அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் இப்போதும் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தப் பந்தியில் யாருக்கும் இலை இல்லாமல் போனதில்லை, யாரும் கடைசியில் நின்று தவித்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கல்யாணமாகி வந்தபோது அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். அதனால் நேரில் நீ, வா, போ என்றுதான் பேசுவேன். அவர் என்னை மதினி என்பார். என் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் அண்ணனைத் தூக்கி உட்காரவைத்தது அவர்தான். அதை நான் மறைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் அந்த வருடம் படுக்கையில் விழுவதற்கு முன்னால், தோட்டத்தில் பனங்கொட்டை பதித்துக் கிழங்குப் பாத்தி போட்டிருந்தார். கிழங்கு விளைந்த சமயத்தில் அவர் இறந்துபோனார். அந்தத் துக்கத்தில் பாத்தியைச் சரியாகப் பிடுங்கவில்லை. தப்பிப்போன ஒரு கொட்டை ஓலை விட்டு, வடலி என்கிற இளம்பனையாகி, பத்து வருடத்தில் ஆள் உயரம் விரிந்து நின்றது. அதற்குப் பக்கத்தில் நான் வைத்த இரண்டு இளந்தென்னை. வாய்க்கால் வற்றின கோடையிலும் குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்தவை.

பிறகு தோட்டத்தைப் பாகம் பிரித்தோம். சண்டை ஒன்றும் இல்லை, சரிபாதிதான். ஞானராஜ் தானே அளந்து நூல் கட்டினார். நூல் போன வழியில் என் மூன்று மரமும் அவர் பக்கம் போய்விட்டன.

"ஞானம், ரெண்டு எட்டு வளைச்சுக் கட்டேன். மரம் என் பக்கம் வந்துரும்" என்றேன்.

"சுவரு வளையக்கூடாது மதினி. பின்னால வாரவன் எந்த மடையன் அளந்தான்னு கேப்பான்."

"அப்போ மரம் ஒன் பக்கமே நிக்கட்டும். நான் வந்து பாத்துக்கிடுதேன்."

"அண்ணன் பாத்தியில முளைச்ச மரம் எனக்கு எதுக்கு? அது ஒங்க பக்கம்தான் நிக்கணும். நான் பேத்து வச்சுத் தாரேன்."

தென்னையைப் பெயர்த்து வைப்பார்கள், பிழைக்கும். பனையைப் பெயர்த்து வைத்தவனை நான் பார்த்ததில்லை. "வடலியை மட்டும் தொடாத, செத்துப்போகும்" என்று மூன்று தடவை சொன்னேன். சுவரை வளைக்கமாட்டாராம், பனையை நகர்த்துவாராம். இந்த மனிதரிடம் யார் என்ன பேசமுடியும்?

ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. நவம்பர் மழையில் மண் இளகியதும், மூன்று மரத்துக்கும் அடியிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டம் கீறினார். வட்டத்தில் பாதியை மட்டும் தோண்டி வேரை அறுத்து, மக்கின சாணமும் ஆற்று வண்டலும் போட்டு மூடினார். மீதிப் பாதியைத் தொடவில்லை. தைமாதம்தான் தொடுவேன் என்றார். கொத்தனார் சுவருக்காகக் காத்துக் கிடக்கிறார், செங்கல் வந்து தெருவில் கிடக்கிறது. நான் பறந்தேன். அதற்கு அவர், "மரத்துக்கு என்ன அவசரம் மதினி? அதுக்கு ஆபீசா இருக்கு? அறுத்த பக்கம் புது வேர் விடட்டும். அது வரைக்கும் மத்தப் பாதி தாங்கும்" என்றார். ஆபீசில் இரவல் வாங்கிவந்த திசைக்கருவியை வைத்துப் பார்த்து, ஒவ்வொரு மரத்திலும் நூல் பிசகாமல் கிழக்குப் பக்கத்தில் விரலால் சுண்ணாம்பு தொட்டு ஒரு கோடு இழுத்து வைத்தார். எந்தப் பக்கம் வெயில் பார்த்து வளர்ந்ததோ, நடும்போதும் அந்தப் பக்கமே கிழக்கே இருக்கவேண்டும் என்பது நம் ஊர் வழக்கம்.

நடுவில் கிறிஸ்துமஸ் வந்தது. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறபோது தோட்டத்து மரத்துக்கும் இடுப்பளவு சுண்ணாம்பு அடித்து, மேலே ஒரு காவிப்பட்டை போடுவது நம் தெருவில் எல்லா வீட்டிலும் நடப்பதுதானே. நானும் அடித்தேன். மூன்று மரத்துக்கும், சுற்றிலும். வடலியின் அடிமட்டைகளையும் விடவில்லை.

தைமாதம் மண்வெட்டியோடு வந்தவர், மரங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். சுற்றிச் சுற்றி வந்தார். சுண்ணாம்புக்குள் சுண்ணாம்பை எங்கே தேடுவது? திசைக்கருவியை ஆபீசில் திருப்பிக் கொடுத்தாயிற்று. வேர் அறுத்த பக்கத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றேன். மழை எல்லா மண்ணையும் ஒரே மண்ணாக்கியிருந்தது. சூரியனைப் பார்த்து உத்தேசமாகத்தான் நட்டார். வடலியைத் தூக்க ஆறு ஆள். இவர் மட்டும் குழிக்குள் இறங்கிக் கடப்பாரையால் நெம்பினார். மேலே கயிறு பிடித்தவர்கள் போட்ட சத்தத்தில், "ஏலே, பைய! பைய இழுங்கலே!" என்று அவர் கத்துவது மட்டும் கேட்டது. கரையேறி வந்ததும் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார், இன்னொரு செம்பு கேட்டார். களைப்பு என்று நினைத்தேன். நட்ட பிறகு நாற்பது நாள், விடியும் முன்னே வந்து மூன்று மரத்துக்கும் தண்ணீர் ஊற்றினார். ஒரு நாள் தவறவில்லை.

தென்னை இரண்டும் நிமிர்ந்தன. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் வடலியைத் தொட்டுப் பார்த்தேன். நடுக்குருத்து கையோடு வந்துவிட்டது. அடி அழுகி நாறியது.

மறுநாள் ஆராதனை முடிந்து கோயில் முற்றத்தில் நீங்கள் எல்லாரும் குருத்தோலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். யாரோ அவரிடம் பனை பிழைத்ததா என்று கேட்டார்கள். இவர் ஊருக்குக் கேட்கிற குரலில், "எப்படிப் பிழைக்கும்? கிழக்கு மேற்கு தெரியாம மதினி சுண்ணாம்ப அடிச்சு மொழுகிட்டாவளே. தென்னை பொறுத்துக்கிடும். பனை பொறுக்குமா?" என்றார்.

நான் விடுவேனா? "அடையாளம் வச்சா ஆளுட்டச் சொல்லணும். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?" என்றேன்.

"சொல்லலியா? நான் சொல்லலியா?"

"சொல்லல."

உங்களில் பாதிப்பேர் என் பக்கம் பேசினீர்கள். அவர் ஓலையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரமே சுவர் எழும்பியது, வாசல் இல்லாமல்.

அதன் பிறகு ஒன்பது வருடம் நாங்கள் நேரே பேசவில்லை. கிரேஸை நடுவில் வைத்துப் பேசினோம். "கிரேசு, தென்னை மட்டை அங்கன விழுந்து கெடக்கு, எடுத்து இங்கன போடச் சொல்லு" என்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றடியில் நின்றுகொண்டு அவர், "கிரேசு, விழுந்த பெறகு அது என் பக்கத்து மட்டைன்னு சொல்லு" என்பார். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கேக்கு? எனக்கு அடுப்புல சோறு பொங்குது" என்று கிரேஸ் உள்ளே போய்விடுவாள். முதல் காய்ப்பில் நாலு இளநீர் கொடுத்துவிட்டேன். "தெச மாறி நிக்க மரம்லா, தண்ணி சப்புன்னுதான் இருக்கும்னு சொல்லு" என்ற குரல் கேட்டது. நாலையும் குடித்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

எனக்கு அவரிடமிருந்து வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. சுண்ணாம்பினால் சாகவில்லை மதினி, பனை பெயர்த்தால் சாகும், நான்தான் கேட்கவில்லை என்று அவர் வாயால் சொல்லவேண்டும். என் வீட்டுக்காரர் கையால் பதித்ததில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதை நானே கொன்றேனோ என்று சந்தேகத்தோடு ஒன்பது வருடம் இருந்தேன். வெளியே அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே இது இருந்தது. இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லாமலே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் கிரேஸ் தெருவைச் சுற்றி என் வீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்து அழுதாள். பிறகு சொன்னாள்.

"எக்கா, ஒண்ணு சொன்னா கோவப்படாதீய. அந்த வடலியத் தூக்குத அன்னைக்கே இவுகளுக்குத் தெரியும். குழிக்குள்ள கடப்பாரை தூருல எறங்கி மடக்குன்னு சத்தம் கேட்டுச்சாம். மேல ஆளுக்கு யாருக்கும் கேக்கலயாம். ராவெல்லாம் உறங்கல. அண்ணன் மரத்த நானே குத்திட்டேன்னு அழுதாவ. மதினிட்டச் சொல்லிராதன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவ."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. தெரிந்துகொண்டே நாற்பது நாள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். தெரிந்துகொண்டே குருத்தோலை ஞாயிறு அன்று என் சுண்ணாம்பின் மேல் பழியைப் போட்டிருக்கிறார். நேரான நூலும் நேரான சுவருமாக வாழ்ந்த மனிதர், இந்த ஒன்றை மட்டும் எனக்கு நேரே சொல்லவில்லை. உயிரோடு இருந்திருந்தால் தெருவைச் சுற்றிப் போய் அவர் வாசலில் நின்று கேட்டிருப்பேன். கேட்பதற்கு ஆள் இல்லை. இனி யாரிடம் கேட்க?

கிரேஸ் போன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது நீங்கள் படிக்கப்போவதை போதகரிடம்கூட நான் முன்னால் சொல்லவில்லை.

அவர் என்னிடம் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்னால் அடுக்களையில் முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருந்தேன். பின்வாசலில் வந்து நின்று, "மதினி, கிழக்குப் பக்கம் அடையாளம் வச்சிருக்கேன். வெள்ளையடிக்கும்போது அந்தக் கோட்ட மட்டும் விட்டுருங்க" என்றார். நான் சரி என்றேன். வெள்ளையடிக்கிற அன்றைக்கு அந்தக் கோட்டை என் கண்ணால் பார்த்தேன். இரண்டு எட்டு வளைக்கமாட்டேன் என்றவனுக்கு நான் ஏன் கோடு விட்டுவைக்க வேண்டும் என்று நினைத்தேன். வெள்ளையடிக்கிற மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி, அதன் மேலேயே அடித்தேன். கோயில் முற்றத்தில் உங்கள் முன்னால் "சொல்லல" என்று நான் சொன்னது பொய். அன்று என் பக்கம் பேசியவர்கள் அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அன்று முற்றத்தில் கேட்ட அந்த ஒரு கேள்வியோடு சரி, பிறகு ஒன்பது வருடத்தில் ஒரு ஆளிடமும் அதை அவர் சொல்லவில்லை. கிரேஸிடம்கூட. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அவருடைய உழைப்பு, ஒழுங்கு, நேரம் தவறாமை, இதையெல்லாம் மற்றவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் உண்மைதான். நான் அவருடைய பொய்யை வைத்துக்கொள்கிறேன். என் பொய்க்கு இத்தனை வருடம் துணையாக இருந்தது அது ஒன்றுதான்.