மசாஜ் எண்ணெய் என்று நினைத்தேன்

பிள்ளைகளா, சீசன் நேரத்தில் குற்றாலத்தில் கார் நிறுத்துகிற இடத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தரையெல்லாம் எண்ணெய்தான். அருவிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் மசாஜ் பண்ணிவிட்டு, தலையில் இருந்து கால்வரை வடிய வடிய நடந்து வருவார்கள். அப்படியே நம்ம வண்டியில் சாய்ந்துகொண்டு கதை பேசுவார்கள். அதனால் போன சீசனில் என் காருக்கு அடியில் ஒரு எண்ணெய்ப் பொட்டைப் பார்த்தபோது நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. யார் உடம்பில் இருந்தோ வடிந்தது என்று நினைத்தேன். மறுநாளும் கிடந்தது. மறுநாளும் அப்படியே நினைத்தேன். இத்தனை வருசம் டாக்ஸி ஓட்டுகிறவன் இப்படி ஏமாறலாமா என்று கேட்பீர்கள். குற்றாலத்து டிரைவர்தான் இப்படி ஏமாறுவான். வேறு ஊரில் காருக்கு அடியில் எண்ணெய் கிடந்தால் அது கார் எண்ணெய்தான், யோசிக்க ஒன்றுமில்லை.

கண்டுபிடித்தது உங்கள் அம்மா. ஒரு சனிக்கிழமை காலையில் வாசலில் நின்று கூப்பிட்டாள்.

“என்னங்க, இங்கன வந்து பாருங்க. வண்டிக்கு அடியில என்ன எண்ணெய்?”

“அது குற்றாலத்துல மசாஜ் பண்ணுதவங்க எண்ணெயா இருக்கும்.”

“ஓகோ. அவங்க நம்ம வாசல்ல வந்து படுத்து மசாஜ் பண்ணிட்டுப் போனாங்களாக்கும்?”

விரலால் தொட்டு மோந்து பார்த்துவிட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினாள். “நல்லெண்ணெய் இப்படியா கருப்பா இருக்கும்? சொல்லுங்க.”

இன்ஜின் ஆயில்.

இன்ஜினுக்குள்ளே இரும்பும் இரும்பும் ஓயாமல் உரசுகிற வேலைதான் நடக்கிறது. நடுவில் ஆயில் இருக்கிற வரைக்கும் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆயில் குறைந்தால் சூடேறி ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். அதோடு இன்ஜின் போச்சு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டும். பக்கத்துத் தெரு பாய் துபாய்க்குத் திரும்புகிறார். மகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் லீவை ஏற்கெனவே ஒரு தடவை நீட்டிவிட்டார். திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால் அப்புறம் வரவே வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். செங்கோட்டை தாண்டினால் மலைப்பாதை. சீசன் ஞாயிற்றுக்கிழமை தென்காசியில் சும்மா நிற்கிற டாக்ஸி ஒன்றும் கிடைக்காது.

ஸ்பேனரை எடுத்து இன்ஜின் மேல்மூடியில் இருந்த போல்ட்டையெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினேன். அது அடுத்த தப்பு. மூடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் பேக்கிங் என்று கார்க்கில் ஒரு பட்டை உண்டு. அளவோடு இறுக்கினால் அடைத்து நிற்கும். அளவு மீறினால் நசுங்கிப் பிதுங்கிவிடும். பிதுங்கிவிட்டது. கடைக்கு ஓடி புதுசு வாங்கிப் போட்டேன். அரைமணி நேரம் ஓட விட்டேன். மறுபடியும் சொட்டு.

இனி மறைக்கக் கூடாது என்று பாய் வீட்டுக்குப் போனேன். பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

“பாய், வண்டியில ஆயில் ஒழுகுது. பாத்துக்கிட்டு இருக்கேன். சாயந்தரம் ஆறு மணிக்கு உண்டா இல்லையான்னு சொல்லிருதேன். இல்லைன்னா நீங்க காலையில பஸ்ஸைப் பிடிக்கணும்.”

“என்ன அண்ணாச்சி, பூமிக்கு அடியில எண்ணெய் எடுக்காங்கன்னு நாங்க அவ்வளவு தூரம் போறோம். நீங்க காருக்கு அடியிலயே எடுக்கீங்களே!” என்று சிரித்தார். சிரிப்பு நின்றதும் குரல் இறங்கிவிட்டது. “பெட்டி மூணு இருக்கு. உம்மாவும் வழியனுப்ப வரணும்னு நிக்காங்க. பஸ்ஸுல அவங்களால முடியாது. ஆனா பிளைட்டை விட்டா எனக்குச் சோறு இல்ல அண்ணாச்சி.”

“ஆறு மணிக்கு வந்து சொல்லுதேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நடந்து வரும்போதுதான் புத்தி வந்தது. ஆயில் கீழே சொட்டுகிறது என்றால் கீழேதான் ஓட்டை என்று இல்லை. எங்கேயோ மேலே கசிந்து, ஓடி, கடைசியில் கீழே வந்து தொங்கும். புறப்படுகிற இடத்தைப் பிடிக்க வேண்டும். டீசலைத் தொட்டு இன்ஜின் முழுக்கத் துடைத்தேன். துணியால் ஒற்றிக் காய வைத்தேன். அப்புறம், “ஏட்டி, முகத்துக்குப் போடுற பவுடரை எடு” என்றேன்.

“எதுக்கு, ஏர்போர்ட்டுக்கு அழகாப் போகவா?”

“எனக்கு இல்ல. இன்ஜினுக்கு.”

பெரியவளே, உன் பவுடர் டப்பா அன்றைக்கு எப்படிக் காலியானது என்று இப்போது தெரிந்திருக்கும். தம்பியைத் திட்டியது போதும்.

வெள்ளைப் பவுடர் மேல் ஆயில் பட்டால் கோடு போட்ட மாதிரி தெரியும். ஸ்டார்ட் பண்ணி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை, மூன்று. மேல்மூடியில் ஒன்று. பின்பக்கம் ஒன்று. ஆயில் அளவு பார்க்கிற குச்சி செருகியிருக்கிற குழாயில் ஒன்று. அப்புறம் யோசித்தேன். ஓட்டை என்றால் ஒரு இடத்தில் ஒழுகும். இதுவரை நன்றாக இருந்த மூன்று இடமும் ஒரே நேரத்தில் எப்படிக் கெடும்? உள்ளே இருந்து ஏதோ தள்ளுகிறது.

ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தேன். குப்பென்று புகை முகத்தில் அடித்தது.

இன்ஜின் ஓடும்போது உள்ளே கொஞ்சம் காற்றுச் சேரும். அது வெளியேற ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். பிரீதர் பைப் என்போம். இன்ஜினுக்கு அதுதான் மூக்கு. கழற்றிப் பார்த்தால், உள்ளே மோரில் திரண்ட வெண்ணெய் மாதிரி வெள்ளையாக அடைத்துக் கிடக்கிறது. ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டதோ என்று பயந்து அதையும் பார்த்தேன். தண்ணீர் ஒரு சொட்டு குறையவில்லை.

அப்போது விளங்கியது. சீசன் முழுக்க என் ஓட்டம் என்ன? தென்காசி ஸ்டேஷனில் இருந்து குற்றாலம், அங்கே இருந்து ஐந்தருவி. சாரலில் இன்ஜின் சூடு பிடிக்கும் முன்னே நிறுத்திவிடுவேன். உள்ளே படிகிற ஈரம் காய வழியில்லாமல் ஆயிலோடு சேர்ந்து திரண்டு மூக்கை அடைத்துவிட்டது. காற்று போக இடமில்லை. கிடைத்த சந்தில் எல்லாம் ஆயிலைத் தள்ளியிருக்கிறது. நானோ மூக்கை விட்டுவிட்டு போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

குழாயைக் கம்பி விட்டுக் குத்தி, டீசலில் அலசி, காய வைத்து மாட்டினேன். மேல்மூடிக்கு இன்னொரு புது பேக்கிங். இந்தத் தடவை எதிரெதிர் போல்ட்டாக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றினேன். செங்கோட்டை தாண்டி ஏற்றம் வரைக்கும் மிதித்து ஓட்டிவிட்டுத் திரும்பி, வண்டிக்கு அடியில் பேப்பர் விரித்தேன். அரைமணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டும் விழாமல் பேப்பர் படிக்கிற மாதிரியே இருந்தது.

ஆறு மணிக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது பாய் வீட்டு வாசலில் நின்று, “காலையில எட்டு மணிக்கு ரெடியா இருங்க” என்றேன். அவர் உள்ளே திரும்பி, “உம்மா, நீங்களும்தான்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஆரியங்காவு ஏற்றத்தில் வண்டி முக்காமல் ஏறியது. தென்மலையில் நிறுத்தி ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். வைத்த அளவு அப்படியே இருந்தது. இருந்தாலும் குளத்துப்புழையில் இன்னொரு தடவை பார்த்தேன். நம்பிக்கை வேறு, பார்த்துக்கொள்வது வேறு. பகல் பன்னிரண்டு ஆவதற்கு முன்னே ஏர்போர்ட்டில் பெட்டி மூன்றையும் இறக்கிவிட்டோம். பாய் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு உள்ளே போனார்.

திரும்பும்போது அவருடைய உம்மா பின்சீட்டில் போனை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். பாலோடு ஊரைத் தாண்டும்போது பாயிடம் இருந்து போன் வந்தது. கேட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“பிளைட்டுக்குள்ள ஏறி உக்காந்துட்டானாம். இனி மெதுவாவே போங்க தம்பி. நமக்கு ஒரு அவசரமும் இல்ல.”