துணிக்கும் கத்தரிக்கும் நடுவில் ஒரு சிகரெட்

கத்தரிக்கோலைத் துணியின் மேல் வாய் பிளந்தபடி வைத்துவிட்டு மாஸ்டர் வெளியே போவார். எங்கள் தையற்கடை முதல் மாடியில் இருக்கிறது. பின்கதவைத் திறந்தால் இரும்புப் படிக்கட்டு. அங்கே கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சிகரெட்டைப் பற்றவைப்பார். வலது கை புகையைக் கவனித்துக்கொள்ளும். இடது கை சும்மா இருக்காது. இல்லாத துணியை அந்தரத்தில் மடிக்கும், புரட்டும், ஓரத்தைத் தடவும். திரும்பி வந்ததும் சில நாள் சாக்பீஸ் கோடு ஒன்றைக் கட்டைவிரலால் அழித்து, கொஞ்சம் தள்ளி வரைவார். பிறகுதான் கத்தரி வாயை மூடும்.

நான் பேன்ட் தைப்பவன். என் மிஷினிலிருந்து பார்த்தால் படிக்கட்டு நன்றாகத் தெரியும். பக்கத்தில் காஜா எடுத்துப் பட்டன் தைக்கும் அக்கா, "இன்ஜின் புகை விட்டாச்சு, இனிமே வண்டி கிளம்பும்" என்பாள்.

ஒரு நாள் மாஸ்டரின் மகள் போன் செய்தாள். அவர் இரண்டு கையாலும் துணியைப் பிடித்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, அடுத்த மாசம் பாப்பாவைத் தூக்கிட்டு வரேன். உன் சட்டையில சிகரெட் நாத்தம் அடிச்சா பாப்பா உன் கைக்கு வரமாட்டா. சொல்லிட்டேன்."

"நான் என்ன கொள்ளிவாய்ப் பிசாசா?"

"ஆமா."

கடையே சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. பேத்தியை அவர் போனில் மட்டுமே பார்த்திருந்தார். அதற்குள் வெட்டுத்துணியில் ஒரு கவுன் தைத்து, கண்ணில் படும்படி ஆணியில் மாட்டியும் வைத்திருந்தார். அன்றே சிகரெட் பெட்டியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

அதன்பின் அவர் பக்கம் யாரும் போக முடியவில்லை. ஊசி விழுந்தாலும் வள்ளென்று விழுந்தார். பொறுக்கமாட்டாமல் அவர் மகன், சிகரெட்டுக்குப் பதிலாக இழுக்கும் பேட்டரி வேப் பேனா ஒன்றை வாங்கி வந்து கொடுத்தான். ஸ்ட்ராபெர்ரி மணம். அளவு டேப்புக்குத் துணையாக அதுவும் மாஸ்டரின் கழுத்தில் தொங்கியது.

"பேத்தி வர்றதுக்கு முன்னாடியே தாத்தாவுக்குப் பால்பாட்டில் வந்துடுச்சு" என்றாள் காஜா அக்கா.

"உனக்கென்ன தெரியும்? கிக் கொஞ்சம் கம்மிதான், ஆனா ஏறுது" என்று கண்ணை மூடி இழுப்பார் மாஸ்டர். "இது மட்டும் இல்லேன்னா நான் செத்தேன்."

இதை இழுக்க வெளியே போக வேண்டியதில்லை. மேஜையருகிலேயே நின்று, ஒரு வெட்டு, ஒரு இழுப்பு, மறுபடி ஒரு வெட்டு. படிக்கட்டில் காக்கை வந்து உட்கார ஆரம்பித்தது.

அப்போதுதான் பல் டாக்டரின் கோட்டுத் துணி மேஜைக்கு வந்தது. கருநீலம், ஒரு பக்கம் மினுமினுப்பு, மறுபக்கம் மங்கல். எங்கேயும் மறுபடி கிடைக்காது என்று சொல்லிக் கொடுத்திருந்தார். ஒரு கைக்கு வெட்டியபின் மாதிரித்தாளைப் புரட்டிப் போட்டுத்தான் மறுகைக்கு வெட்ட வேண்டும். ஸ்ட்ராபெர்ரிப் புகைக்குள் நின்ற மாஸ்டர் புரட்டவில்லை.

முதலாளியம்மா இரண்டு துண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"மாஸ்டர், ரெண்டும் இடது கை."

மாஸ்டர் பேனாவை ஒரு இழுப்பு இழுத்தார்.

"டாக்டருக்கு வலது கையும் இருக்கு. பல்லு புடுங்கறதே அதாலதான்."

மாஸ்டர் பேனாவைக் கழற்றிச் சாக்பீஸ் டப்பாவில் போட்டுவிட்டுப் படிக்கட்டுக்குப் போனார். கை பழக்கத்தில் சட்டைப்பையைத் தடவி வெறுங்கையாகத் திரும்பியது. கீழே பெட்டிக்கடை. உதிரியாகச் சிகரெட் கிடைக்கும். இரண்டு படி இறங்கினார். நான் மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டேன். காஜா அக்கா ஆணியில் தொங்கிய கவுனைப் பார்த்தாள்.

இரண்டு படியோடு அவர் நின்றார். இடது கை தானாக எழுந்து, இல்லாத துணியை மடித்தது, புரட்டியது. வலது கையின் இரண்டு விரல்கள் வெறுமனே உதட்டுக்குப் போய் இறங்கின.

உள்ளே வந்தவர், "உள்பட்டி இன்னும் வெட்டலையே" என்றார். கோட்டின் உட்புறம் வைத்துத் தைக்கும் அந்தப் பட்டிக்கு ஒதுக்கிய துணியில் வலது கையை வெட்டினார். வெளியே தெரியாத உள்பட்டிக்கு வேறு கருநீலம் போதும். டாக்டர் கோட்டைப் போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன் பல்லெல்லாம் காட்டினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் மாஸ்டர் படிக்கட்டுக்குப் போகிறார். விரலிடுக்கில் சாக்பீஸ். அவ்வப்போது அது உதட்டருகே போய்வரும். மீசையில் வெள்ளை படியும்.

மகள் வந்தாள். நேராக அப்பாவின் விரல்களைப் பிடித்து முகர்ந்தாள், பிறகு காலரை. மாஸ்டர் அளவு கொடுப்பவர்போல விறைப்பாக நின்றார்.

"வெறும் சாக்பீஸ்" என்று சொல்லிப் பாப்பாவை நீட்டினாள்.

அளவெடுக்காமல் அவர் தைத்த ஒரே உடை அந்தக் கவுன். பாப்பாவின் தலையே நுழையவில்லை. அவள் கவலைப்படாமல் தாத்தாவின் வெள்ளை மீசையைப் பிடித்து இழுத்தாள்.

மாஸ்டர் இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "சிகரெட்டை விட்டது பெரிசில்ல. அந்தப் பேனாவை விட்டேன் பாருங்க, அதுதான் கஷ்டம்."

வெகுநாள் கழித்து அவர் மகன் பேன்ட் நீளம் குறைக்க வந்தான். மாஸ்டர் படிக்கட்டில் நின்றிருந்தார். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் சொன்னான்: "அந்தப் பேனாவுல நிக்கோட்டின் ஒரு சொட்டுகூட கிடையாதுண்ணே. வெறும் வாசனைதான். எங்க அக்காதான் பார்த்து அப்படி வாங்கச் சொன்னா."