செய்வினைக்கு இருந்த மரியாதை

எனக்கு வயது எண்பத்தொன்று. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றும் சோடை போகவில்லை. கலியாணமாகி மலாய் நாட்டுக் காஜா பேராங்குக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு மீனாட்சியைப் பார்த்துத் திகைத்தேன். நெற்றியில் திருநீறு, வாசலில் மாவிலை, வாயைத் திறந்தால் மலாய். பல தலைமுறையாய் இங்கேயே இருந்த குடும்பம், தமிழ் அவளுக்குப் பெயரோடு சரி. ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறுவருடம், சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த என் மூத்தவன் சுந்தரம் பாதியில் திரும்பி வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். சோறு இறங்கவில்லை. இது மனச்சோர்வு, மாத்திரை சாப்பிட்டால் குணமாகித் திரும்பப் போய்ப் படிக்கலாம் என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"மனசுல சீக்குன்னா யாரு பொண்ணு குடுப்பா? செய்வினைன்னு சொல்லிடு."

ஊரில் இப்படிப் படுத்தவனைக் கோயிலில் கொண்டுபோய் விடுவார்கள். பிறகு அவன் பெயர் கலியாணப் பத்திரிகையில் வராது. நாங்கள் கடல் தாண்டியபோது அந்த வெட்கமும் டிக்கெட் எடுக்காமல் கூடவே வந்துவிட்டது. ஆனால் செய்வினைக்கு மரியாதை உண்டு. நாலு பேர் பொறாமைப்படும்படி வாழ்கிறோம் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? செய்வினை என்று சொன்னதும் ஜாலான் பெண்டஹாரா வீதி ஜவுளிக்கடைக்காரர் குடும்பத்தோடு பார்க்க வந்தார். வந்த எலுமிச்சம்பழத்தில் ஊறுகாய் போட்டேன். வைத்தது யார் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். செமாபோக்கிலிருந்து வந்த ருக்மணிக்கு மட்டும் முகம் சுண்டிவிட்டது. அவள் பெயரை ஒருவரும் சொல்லாதபோது ஏனென்று அன்று எனக்குப் புரியவில்லை.

மீனாட்சி வேலியோரம் நின்று, "சாக்கிட் அப்பா?" என்று, என்ன நோய் என மலாயில் விசாரித்தாள். விளக்கத் தெரியாமல் வானத்தைப் பார்த்துக் கையை விரித்தேன். பிள்ளை போய்விட்டான் என்று நினைத்து அழுதுகொண்டு ஓடிவந்தவள், அவன் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து என் கையைக் கிள்ளினாள்.

செய்வினை எடுக்கப் பூசாரி வந்த அன்று கூடம் கொள்ளாத கூட்டம். சுந்தரம் தலையில் எலுமிச்சம்பழத்தை வைத்து, "யாரு மேல தம்பி சந்தேகம்?" என்றார்.

"யாரும் வைக்கல பூசாரி. எனக்கு மனச்சோர்வு. மாத்திரை சாப்பிடுறேன். ஹாஸ்டல்ல இன்னும் ரெண்டு பேருக்கு இருக்கு. வீட்டுல வயித்துவலின்னு சொல்லியிருக்கானுங்க."

பழம் உருண்டு விழுந்தது. வந்தவர்களுக்கு ஒரே நேரத்தில் அவரவர் வீட்டு வேலை ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். ருக்மணி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அது என்ன மாத்திரை தம்பி?"

"உங்களுக்கு எதுக்குக்கா?"

"எங்க பொண்ணு வசந்தாவுக்கு. வெளியில மூச்சுத்திணறல்னு சொல்லி வச்சிருக்கோம்."

"மாத்திரைய டாக்டர்தான் பாத்துக் குடுக்கணும். நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

வந்த நாளாய் அவன் நாளை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அடுத்த தவணைக்கு அவன் படிக்கக் கிளம்பினான். பொறாமைக்காரர் கண்ணுக்கென்று ஊரிலிருந்து என் அக்காள் திருநீறு அனுப்பியிருந்தாள். அவளுக்கு நான் கடைசிவரை உண்மையை எழுதவில்லை. ஒரே சட்டைப் பையில் டாக்டர் மாத்திரையும் அக்காள் திருநீறும். இரண்டையும் நான்தான் வைத்தேன். எதையும் எடுத்துவிட மனம் வரவில்லை.

அக்காள் மக்களே, இப்போது உங்களுக்கு எழுதிவிட்டேன். அக்காள் பேத்தி கமலா, இதை அங்கே எல்லோருக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டு. மனச்சோர்வு என்று வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தாதே.