ஒன்பது பஞ்சுக்குச்சிகள்

இருபத்தோராயிரம் மணிக்கட்டுகள். பதினான்கு ஆண்டுகளில் அவர் அளவு பார்த்தவை, தோராயமாக.

விலை உயர்ந்த கைக்கடிகாரங்கள் விற்கும் கடையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவருடைய மேஜை. புதுக் கடிகாரத்தின் உலோகச் செயினை வாங்கியவரின் கைக்குப் பொருத்துவதுதான் வேலை. கூடுதல் கண்ணிகளை இரண்டு பக்கமும் பார்த்துக் கழற்றுவார். ஒரே பக்கம் எடுத்தால் பூட்டு மணிக்கட்டின் நடுவில் உட்காராது. ஓரமாகப் போய் முறைக்கும். மாட்டிய பிறகு செயினுக்கும் தோலுக்கும் நடுவே தன் சுண்டுவிரலை நுழைத்துப் பார்ப்பார். நுழைந்தால் சரி. கடையில் அவருக்குப் பெயரே ‘சுண்டுவிரல் அக்கா’தான்.

நாற்பத்தாறு வயது. ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவர். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். இவரை ஏற்றிக்கொண்டால் வண்டி முதல் ஸ்டாப்பைத் தாண்டாது என்பது பஸ் ஓட்டும் கணவரின் கேலி.

கண்ணியை எடுத்த இடத்தில் செயினை மறுபடி இணைக்கும் குட்டி ஸ்க்ரூவில் ஊதா நிறப் பசை ஒரு பொட்டு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் சில வாரங்களில் அது தானாகக் கழன்றுவிடும். பிதுங்கும் பசையைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து, குச்சியைக் கிண்ணத்தில் போடுவார். ஒரு ஸ்க்ரூவுக்கு ஒரு குச்சி. யாரும் சொல்லித் தந்ததல்ல. அவராக வைத்துக்கொண்ட பழக்கம்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம், சாப்பிடப் போகுமுன் கிண்ணத்தைப் பார்த்தார். காலையில் ஐந்து கடிகாரங்கள், பத்து ஸ்க்ரூக்கள். குச்சிகள் ஒன்பது.

குப்பைக்கூடையைக் கவிழ்த்தார். நாற்காலிக்கு அடியில் தேடினார். புடவையை உதறினார். கிடைக்கவில்லை.

யாருடையது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாவதாக வந்தவர் கப்பல் இன்ஜினியர். பதவி உயர்வு கிடைத்ததற்குத் தனக்குத் தானே கடிகாரம் வாங்கிக்கொண்டவர். அவருடையதில் ஒரு பக்கம் முடித்தபோது மேனேஜர் கூப்பிட்டார். எழுந்து போனதும், திரும்பி வந்து ஸ்க்ரூவை முடுக்கியதும் ஞாபகம் இருந்தது. பசை வைத்தது ஞாபகம் இல்லை. மாலை ஐந்து மணிக்குக் கப்பல், பிறகு ஏழு மாதம் கடல்தான் என்று அந்த மனிதர் சொன்னது நன்றாகவே ஞாபகம் இருந்தது. இன்ஜின் அறையின் அதிர்வில் பசையில்லாத ஸ்க்ரூ ஒரு மாதம் தாங்காது. கடிகாரம் எங்காவது கடலில் போய்விடும்.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மேனேஜரிடம் போய், இன்ஜினியரைப் பிடித்துப் பசை வைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். மேனேஜருக்கு இவரைவிடப் பத்து வயது குறைவு. விற்ற கடிகாரத்தைத் தன் தவறுக்காகத் திரும்பத் தொட்டால் அது தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் போகும். இந்த ஆண்டில் இவர் பெயரில் ஏற்கெனவே அப்படி இரண்டு படிவங்கள் போயிருந்தன. மூன்றாவது போனால் சீட்டு கிழியலாம். இது இருவருக்கும் தெரியும்.

“ஒரு குச்சி குறைஞ்சதுக்குக் கப்பல நிறுத்தச் சொல்றீங்களாக்கா?”

“கப்பல் ஓடட்டும் சார். அவர் கை ரெண்டு நிமிஷம் நின்னா போதும்.”

“கழண்டாலும் ஏழு மாசம் கழிச்சுதான் வரப்போறார். அப்போ யாருக்கு ஞாபகம் இருக்கும்?”

“எனக்கு இருக்குமே. அந்த ஏழு மாசமும் இருக்கும்.”

இன்ஜினியர் இரண்டு முறை போனை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தார். துறைமுகத்தின் மூன்றாவது வாசலுக்கு நான்கு மணிக்குள் வரச் சொன்னார். ஸ்க்ரூடிரைவர், பசை, குச்சிகள் எல்லாவற்றையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு டாக்சி பிடித்தார். சிக்னலில் வண்டி நின்றபோதெல்லாம் டிரைவரிடம் வேறு வழி கேட்டார். கடைசி சிக்னலில் இறங்கி நடந்தே போய்விட்டார்.

காவலாளி தன் பதிவேட்டை நகர்த்தி மேஜையில் இடம் கொடுத்தார். நீல நிற வேலை உடுப்பில் வந்த இன்ஜினியர், மதியத்திலிருந்து செயின் கையைக் கடிப்பதாகச் சொன்னார். சுண்டுவிரல் நுழையவில்லை. காலையில் கடையின் ஏசி குளிரில் சுருங்கியிருந்த மணிக்கட்டு வெயிலில் உப்பியிருந்தது. பூட்டுக்குள் இருக்கும் ஊசியை ஒரு துளை தள்ளி மாட்டியதும் அது சரியானது.

பிறகு ஸ்க்ரூக்கள். முதலாவது அசையவில்லை. இரண்டாவது, தொட்டதும் சுழன்று வெளியே வந்தது. பசையின் தடமே இல்லை.

இன்ஜினியர் குனிந்து பார்த்தார். மறந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம், தான்தான் மறந்தது என்றார் இவர்.

“எங்க ஆளுங்க முடுக்காம விட்ட நட்டுக்கு நான்தான் தேடித் தேடித் திட்டணும். நீங்களே டாக்சி வெச்சுக்கிட்டு வந்திருக்கீங்க.”

பசை வைத்து முடுக்கி, துடைத்து, இரவு வரை தண்ணீர் படக்கூடாது என்று மூன்று முறை சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கடைக்குத் திரும்பியதும் யாரும் கேட்குமுன்பே படிவத்தை எடுத்துத் தன் கையால் நிரப்பினார். காரணம் என்ற இடத்தில் ‘பசை வைக்க மறந்தேன்’ என்று மட்டும் எழுதினார். மேனேஜர் அதை வாங்கிப் படித்தார்.

“நடுவுல நான் கூப்பிட்டேன்ல. அதப் போடலையே?”

“கூப்பிட்டது நீங்க. மறந்தது நான்தானே.”

மேனேஜர் பேனாவை வாங்கி, தான் நடுவில் அழைத்ததைக் கீழே ஒரு வரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது படிவம் என்பதால் விசாரணை உண்டு: வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, தலைமை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில்.