குனியாத கழுத்து

அப்பா முதன்முதலில் விழுந்தது, கொடியில் காய்ந்த வேட்டியை எடுக்கும்போது. கால் இடறவில்லை. தலை சுற்றவும் இல்லை. பலகை சாய்வதுபோல நேர் பின்னால் சாய்ந்தார். கையை ஊன்றக்கூட இல்லை.

ஜப்பான்காரர் பினாங்கைப் பிடித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் அப்பா. சுங்கை பினாங்குப் பகுதியில் அவரும் அம்மாவும், மணமாகாத கடைசி மகளான நானும் இருந்தோம். பசிக் களைப்பு என்றார் அம்மா. மரவள்ளிக்கிழங்கைத் தின்று எல்லோருக்குமே களைப்புத்தான். நாங்கள் யாரும் பின்னால் விழவில்லை.

பிறகு சாப்பாடு. கை தட்டைத் துழாவும். முகம் எதிர்ச்சுவரைப் பார்க்கும்.

"கிழங்கு பிடிக்கேல்லையெண்டா சொல்லுங்கோவன்" என்றார் அம்மா.

எந்தக் கேள்விக்கும் அப்பாவின் பதில் இப்போது தாமதமாகவே வந்தது. அம்மா அடுக்களைக்குப் போய் வெகுநேரம் கழித்து மெல்லச் சொன்னார்: "தட்டு தெரியேல்லை."

உட்காரவைத்தால் இருக்கவும் மாட்டார். சொல்லாமல் சட்டென எழுவார். எழுந்த வேகத்திலேயே விழுவார். நான் எந்த வேலையையும் முடித்ததில்லை. பாதி அரைத்தபடி ஓடுவேன், பாதி குளித்தபடி ஓடுவேன்.

பட்டணத்தில் எங்களுக்குத் தெரிந்த வயதான டாக்டர் ஒருவர் இருந்தார். அப்பாவை அவரிடம் கூட்டிப்போனேன். அவர் அசைத்த விரலை அப்பாவின் கண்கள் இடமும் வலமும் தொடர்ந்தன. கீழே மட்டும் இறங்கவில்லை. "என்ர முகத்தையே பாருங்கோ" என்று சொல்லி, அப்பாவின் தலையை இரு கைகளாலும் பிடித்துப் பின்னால் சாய்த்தார். கண்கள் தாமாகக் கீழே இறங்கின.

"கண்ணில பிழையில்லை, தங்கச்சி. மூளையின்ர கட்டளைதான் போய்ச் சேரேல்லை. நடுக்குவாதம் (கை கால் நடுங்கி இறுகும் நோய்) மாதிரி இருக்கு, ஆனா நடுக்கமில்லை. இதுக்கு எனக்குப் பேர் தெரியாது."

"மருந்து, டாக்டர்?"

"இல்லை. விழாமப் பாருங்கோ."

திரும்பும் வழியில் பாலத்தருகே ஜப்பானியக் காவலன் நின்றான். கடந்துபோகும் எவரும் குனிந்து வணங்க வேண்டும். நான் குனிந்தேன். அப்பா விறைத்து நின்று, இமைக்காத கண்களால் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அப்பாவின் கன்னத்தில் அறைந்தான். அப்போதும் கண் இமைக்கவில்லை. அவன் துப்பாக்கிக் கட்டையைத் தூக்கினான்.

ஒரு கையால் அப்பாவின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன். மற்றக் கையைப் பிடரியில் வைத்து என் பலமெல்லாம் கொண்டு அழுத்தினேன். கழுத்து மரம்போல இருந்தது. கடைசியில் இருவரும் சேர்ந்தே வளைந்தோம். அவன் எங்களைச் சற்றுநேரம் பார்த்துவிட்டுப் போகும்படி கையசைத்தான்.

வீடு வந்ததும் அப்பாவை உட்காரவைத்தேன். முகம் கழுவித் துடைத்துவிட்ட பிறகு அப்பா கேட்டார்: "பிள்ளை, உன்ர கை நோகுதோ?"

இந்த முறை பதிலுக்குத் தாமதித்தவள் நான்.

அதன்பின் அவரை வெளியே கூட்டிப்போகவில்லை. ஒரு பெட்டியின்மேல் தட்டை உயர்த்தி வைத்தோம். தானே எடுத்துச் சாப்பிட்டார். நடக்கும்போது பின்னால் நின்றோம். பிறகு விழுங்குவது கடினமானது. தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய், மார்ச்சளி கட்டி, போர் முடியும் முன்பே போய்விட்டார்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு நரம்பியல் மருத்துவரிடம் இதைச் சொன்னேன். பெரும்பாலும் பி.எஸ்.பி.யாக (டாவ் என்னும் புரதம் மூளையணுக்களில் முடிச்சாகப் படிந்து, பார்வையின் அசைவையும் உடலின் சமநிலையையும் குலைக்கும் முதுமை நோய்) இருந்திருக்கும் என்றார். இன்றும் பலருக்கு வேறு நோயென்றே சொல்லப்படுகிறதாம். உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி விழுந்தால், வெறித்துப் பார்த்தால், பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதில் வந்துகொண்டிருக்கும்.

ஜப்பான்காரர் போனதும், அவர்கள் தோக்கியோ நேரத்துக்கு முன்தள்ளியிருந்த கடிகாரங்களை ஊரார் பழையபடி திருப்பி வைத்தார்கள். நாங்களும் வைத்தோம். ஆனாலும் அம்மாவும் நானும் பேசிக்கொண்டிருக்கும்போதே, யாரும் அழைக்காமல், இருவரும் ஒன்றாக எழுந்து நிற்போம். விழாமல் பிடிக்க அங்கே அப்பா இல்லை. மறுபடி உட்கார எங்களுக்குச் சற்று நேரம் பிடிக்கும்.