டிசம்பர் வரைக்கும் ஒரு கோடு

பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சாய்வு டீச்சர் என்று பெயர். இரண்டு புள்ளி கொடுத்து நேர்கோட்டின் சமன்பாடு கேட்டால் பிள்ளைகள் எங்கெங்கோ சுற்றுவார்கள். "முதல்ல சாய்வைக் கண்டுபிடிங்கடா, மத்தது தானா வரும்" என்று தொண்டை கிழியக் கத்துவாள். அதில் ஒட்டிக்கொண்ட பெயர்.

வீட்டில் அவளும் அப்பாவும்தான். அப்பாவுக்குச் சிறுநீரகம் கைவிட ஆரம்பித்திருந்தது. டயாலிசிஸ் வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றார். வெளியூர் அண்ணனின் அக்கறையெல்லாம் போனோடு சரி.

"தோராயமா எப்பன்னு சொல்லேன். நான் லீவு போடணும்ல?" என்று ஒருநாள் போனில் கேட்டான்.

அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டாள். பிப்ரவரியில் சிறுநீரகம் முப்பது சதவீதம் வேலை செய்தது; மே மாதம் இருபத்து நான்கு. மூன்று மாதத்தில் ஆறு இறக்கம், அதாவது சாய்வு மைனஸ் இரண்டு. மாதத்தின் எண் x, சதவீதம் y. y − 30 = −2(x − 2). சுருக்கினால் y = 34 − 2x. பத்துக்கு வந்துவிட்டால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். y இருந்த இடத்தில் பத்தைப் போட்டாள். x பன்னிரண்டு.

"டிசம்பர்" என்றாள். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டிசம்பரில் அண்ணன் மனைவியோடு வந்து இறங்கினான். அப்பா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மருமகளிடம் சர்க்கரை தூக்கலாக டீ கேட்டார். புது ரிப்போர்ட்டில் இருபத்து இரண்டு. அண்ணன் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து பொழுதைக் கழித்தான். கிளம்புகிற அன்றைக்கு வெடித்தான்.

"டிசம்பர்னு நீதானே சொன்ன? இருந்த லீவெல்லாம் போச்சு. பெரிய கணக்கு டீச்சர்!"

"ரெண்டு புள்ளி இருந்தா கோடு போட்டுடலாம் அண்ணா. அப்பா உடம்பு அந்தக் கோட்டு மேலயே போகணும்னு ஏதாவது இருக்கா?"

"இதை அப்பவே சொல்லியிருக்கணும்."

அதுதான் சுட்டது. உள்ளறைக் கதவு வேறு திறந்தே கிடந்தது.

அவர்கள் போனபிறகு அப்பா கேட்டார். "எனக்கு நாள் குறிச்சது நீயாம்மா?"



அதற்கப்புறம் அவர் ரிப்போர்ட்டை அவள் கண்ணில் காட்டவில்லை. எதிர்வீட்டு டெய்லரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கால் வீங்கியதைப் போர்வைக்குள் மறைத்தார். எப்படியிருக்கிறது என்று கேட்டால், "உனக்குத் தெரியாததா" என்பார்.

மார்ச்சில் ஒரு மத்தியானம், அவள் வகுப்பில் இருந்தபோது போய்ச் சேர்ந்தார். பக்கத்தில் இருந்தது டெய்லர். அவள் அண்ணனுக்கு போன் போட்டாள்.

"இப்ப லீவே இல்லையேம்மா. நீயே பார்த்துக்கோ" என்றான்.

பார்த்துக்கொண்டாள்.