மச்சான் பெயர் இல்லாத பத்திரிகை

என் மகள் காதுகுத்துக்கு ஆலங்குடியில் ஒரு பிரஸ்ஸில் பத்திரிகை அடிக்கக் கொடுத்தேன். வந்த பத்திரிகையில் என் மனைவியின் அண்ணன் பெயர் இல்லை. அதை விட்டவன் நான். மறந்து விடவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன்.

எங்கள் பக்கம் காதுகுத்தில் தாய்மாமனுக்குத்தான் முதல் மரியாதை. அவர்தான் சீர் கொண்டு வருவார். அவர் மடியில்தான் பிள்ளையை உட்கார வைப்பார்கள். என் மனைவிக்கு அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர். அண்ணன் துபாயில் வேலை பார்க்கிறார். விசேஷத்துக்கென்றே லீவு வாங்கியிருந்தார்.

அவர் மேல் எனக்கு ஒரு கோபம். போன வருடம் அவர் புது வீடு குடிபோனபோது அடித்த பத்திரிகையில் என் பெயர் கடைசியில் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் பெயருக்கும் கீழே. வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் கவனித்தேன். வீட்டு மாப்பிள்ளைக்கு இவ்வளவுதான் மரியாதையா என்று ஒரு வருடம் மனதில் வைத்துக்கொண்டிருந்தேன். நேரில் கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். கேட்கவில்லை.

பத்திரிகைக்கு மனைவி சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். தாய்மாமன்கள் என்று போட்டு முதலில் அண்ணன் பெயர், அடுத்து தம்பி பெயர். தாளின் நான்கு மூலையிலும் அவள் மஞ்சள் தடவிக் கொடுத்தாள். பிரஸ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, வண்டி சீட்டில் தாளை வைத்து, அண்ணன் பெயரைப் பேனாவால் அடித்தேன். அடித்த பிறகுதான் உள்ளே போனேன்.

கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். மறுநாள் போன் செய்தது.

"அண்ணே, மாமன் பேருல ஒண்ணு அடிச்சிருக்கு. தெரியாம அடிச்சிட்டீங்களா?"

"அடிச்சா அடிச்சதுதான். ஒன் வேலையப் பாரு."

"இல்லண்ணே, மாமன் பேருங்கிறதால கேட்டேன்."

"ஒனக்கு எதுக்கு அது?" என்று வைத்துவிட்டேன். அடுத்த நாள் அந்தப் பெண் அச்சுக்கு முன் சரிபார்க்கும் புரூப் தாளைக் காட்டியபோதும் சரி என்று சொல்லிவிட்டேன்.

பத்திரிகைக் கட்டு வீட்டுக்கு வந்ததும் மனைவி பிரித்துப் பார்த்துவிட்டு அழுதாள். பிரஸ்காரன் விட்டுவிட்டான் என்றேன். தயாராக வைத்திருந்த பொய் அது. நான் எழுதியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள், நம்பினாள்.

இரண்டாம் நாள் மச்சான் துபாயிலிருந்து வந்து இறங்கினார். பத்திரிகையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, நான் செத்துட்டேனா?"

பிரஸ்ஸில் செய்த தப்பு என்றேன்.

"அப்ப வண்டிய எடுங்க. போயிக் கேப்போம்."

போகாமல் இருக்க முடியாது. போனால் உண்மை தெரிந்துவிடும். தெரிந்தால் அவர் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவார். என் மனைவி அப்புறம் பிறந்த வீட்டுப் படியை மிதிக்க முடியாது.

பிரஸ்ஸுக்குள் காலை வைத்ததும் மச்சான் வாயைத் திறக்கும் முன் நான் கத்த ஆரம்பித்தேன். "படிச்சிட்டுத்தான வேலைக்கி வந்த? ஒரு பேரப் பாத்து அடிக்கத் தெரியாதா? கண்ண எங்கிட்டு வச்சிருந்த?" பொய் சொல்கிறவனுக்குத்தான் சத்தம் அதிகம். அந்தப் பெண் என்னைப் பார்த்தது. மேசையில் கிளிப் மாட்டிய தாள்களுக்கு மேலாக என் தாள் இருந்தது. மஞ்சள் தெரிந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து அது தாளைக் கவிழ்த்து வைத்தது.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். "எழுதிக் கொடுத்த பேப்பர் எங்கம்மா?"

"வேலை முடிஞ்சிருச்சுன்னு கிழிச்சுப் போட்டுட்டேன் சார். நான்தான் ஒரு பேர விட்டுட்டேன்."

முதலாளி எங்கள் முன்னாலேயே கண்டபடி திட்டினார். மச்சானுக்கே பொறுக்கவில்லை. "விடுங்க, விடுங்க. ஏம்மா, பாத்துச் செய்யக் கூடாதா? நான் வெளிநாட்டுல இருக்கேன்னு தங்கச்சி வீட்டுல கழிச்சுக் கட்டிட்டாங்கன்னுல்ல ஊரு பேசும்."

"மன்னிச்சிருங்கண்ணே" என்று அது அவரைப் பார்த்துச் சொன்னது. என் பக்கம் திரும்பவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் வரவில்லை. தப்பித்தேன் என்றுதான் இருந்தது. திரும்பி வரும் வழியில் மச்சானுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். சிரித்துக்கூடப் பேசினேன்.

மறுநாளே புதுப் பத்திரிகை வந்தது. அவர் பெயர் முதலில். விசேஷம் நன்றாக நடந்தது. மச்சான் மடியில் மகள் உட்கார்ந்தாள். ஊசி குத்தும்போது அவள் கத்திய கத்தலில் அவருக்கும் கண் கலங்கிவிட்டது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பந்தியில் பாதிச் சாப்பாட்டிலேயே இலையை மூடிவிட்டேன்.

அடுத்த வாரம் பிரஸ்ஸுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் வேறு ஒருவர் இருந்தார். அந்தப் பெண் பின்பக்கம் தரையில் உட்கார்ந்து கார்டு மடித்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா அன்னைக்கு அப்படிச் சொன்ன?"

"ஒங்களுக்காகச் சொல்லல. அந்த அண்ணன் மொகத்தப் பாத்தேன். பேப்பர எடுத்து நீட்டியிருந்தா அப்படியே பொட்டியத் தூக்கிட்டுப் போயிருப்பாரு. புள்ளைக்கு மாமன் மடி இல்லாமப் போயிருக்கும்."

"முதலாளிகிட்ட நடந்ததச் சொல்லிடுறேன்."

"இப்ப வந்து சொல்றீங்களா? பேப்பரக் கிழிச்சேன்னு நான் பொய் சொன்னதும் வெளிய வரும். இருக்கிற வேலையும் போயிரும். போங்கண்ணே, வேலை கெடக்கு."

முதலாளி வந்துவிட்டார். "என்ன சார், இன்னும் எதுவும் தப்பா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே அந்தப் பெண்ணை முறைத்தார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அது தன் வேலைக்குப் பயந்துதான் சொன்னது, என்னைக் காப்பாற்ற அல்ல என்று தெரிந்தும், அது சொன்னதையே சாக்காக வைத்துக்கொண்டேன்.

மச்சானிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பெண்தான் மாமன் பெயரை விட்டது என்று ஊரில் பேசுவதாவது நின்றிருக்கும். போன மாதம் மச்சான் துபாயிலிருந்து போன் செய்தார். அவருடன் வேலை பார்ப்பவர் வீட்டுக் கல்யாணமாம், கீரமங்கலத்துக்காரர்.

"நீங்களே கூட இருந்து பத்திரிகை அடிச்சுக் குடுங்க மாப்ள. அந்தப் பொண்ணு இருக்கிற பிரஸ்ஸு மட்டும் வேணாம். நான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

சரிங்க மச்சான் என்றேன்.